ஜென்சி கட்சி

தூத்துக்குடிக்காரர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். பெருமைக்காகச் சொல்லவில்லை, வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலே தெரியும். நடுவில் மன்னார் வளைகுடா ஒன்றுதான். மத்திய அலை ஒலிபரப்பு தரையைவிட உப்புத் தண்ணீருக்கு மேல் வெகு சுலபமாக வரும் என்று பள்ளியில் பௌதிக டீச்சர் ஒருநாள் விளக்கினார். அதுவரை எங்கள் ஊர் ரேடியோ மட்டும் ஏன் இவ்வளவு துல்லியமாகப் பாடுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. மதுரையில் பெரியப்பா வீட்டுக்கு லீவுக்குப் போனால், அங்கே இலங்கை வானொலி இரைச்சலுக்குள் மூழ்கி மூழ்கி எழும். அதற்காகவே சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும் என்றிருக்கும்.

1970களின் கடைசியும் 80களின் தொடக்கமும். பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு மாறிய வருஷங்கள். வீட்டில் ஒரு மர்பி ரேடியோ. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டி வைத்திருந்தது. சுவரில் பலகை அடித்து, அம்மா தைத்த பூப்போட்ட உறைக்குள் உட்கார்ந்திருக்கும். காலையில் அப்பா கையில் இருக்கும்வரை அது ஆகாசவாணி. திருநெல்வேலி நிலையத்தில் செய்தி, விவசாயிகளுக்கு, சந்தை விலை. அவர் உப்பளத்து ஆபீஸுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அக்கா முள்ளைத் திருப்புவாள். கண்ணாடியில் கொழும்பு சரியாக விழும் இடத்தில் ஒரு சாந்துப் பொட்டு வைத்திருந்தாள். முள் பொட்டைத் தொட்டால் போதும், 'பொங்கும் பூம்புனல்' பொங்கிவிடும். அப்பா அந்தப் பொட்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒருநாளும் கேட்டதில்லை.

பாடகிகளின் பெயர் எனக்கு அங்கிருந்துதான் வந்தது. தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்திலும் பெயர் இருக்கும். ஆனால் அது பொடி எழுத்தில், 'குழுவினர்' என்ற சொல்லோடு சேர்ந்து நசுங்கிக் கிடக்கும். இலங்கை வானொலியில் அப்படியில்லை. கே.எஸ்.ராஜாவோ பி.எச்.அப்துல் ஹமீதோ படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடியவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். ராஜேஸ்வரி சண்முகம் 'வாணி ஜெயராம்' என்று சொல்கிற விதத்தில் அந்தப் பெயருக்கே ஒரு மரியாதை ஏறிவிடும். எங்கள் தெருவில் பெண்களுக்கு யார் பெயர் இருந்தது? பெரிய வீட்டம்மா, தாசில்தார் சம்சாரம், முத்து அம்மா. ஒரு பெண்ணின் பெயரைத் தனியாக, உரக்க, அவள் செய்த காரியத்துக்காகவே சொல்லக் கேட்டது அந்தப் பெட்டியில்தான். 'வானொலிக் குயில்' என்று ராஜேஸ்வரிக்கே பட்டம் இருந்தது. ஒரு பாட்டும் பாடாமல் எனக்குப் பிடித்த பாடகிகள் வரிசையில் இடம்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

பாடகிகளின் பேரில் கட்சிகள் பிறந்த இடம் தெருக் குழாயடி. தூத்துக்குடியில் கிணற்றைத் தோண்டினால் உப்புத்தான் வரும். குடிக்க வல்லநாட்டுத் தண்ணீர் வர வேண்டும், அதுவும் அதற்குத் தோன்றுகிற நேரத்தில்தான் வரும். குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற அந்த நேரத்தில் எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

பெரியவர்கள் எல்லாம் சுசீலா கட்சி. எங்கள் அம்மா அதன் மாவட்டச் செயலாளர் என்று அக்கா கேலி செய்வாள். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது என்று ஒன்று ஏற்படுத்தியபோது அதை முதன்முதலில் வாங்கியவர் சுசீலா, அதுவும் 'உயர்ந்த மனிதன்' என்ற தமிழ்ப் படத்துக்காக. இது அம்மாவின் முதல் வாதம். இரண்டாவது வாதம் உச்சரிப்பு. "விஜயநகரத்துத் தெலுங்குப் பொம்பளைக்கு ழகரம் எப்படி வருது பாத்தியா? இங்கே வாளப்பளம்னு சொல்லிக்கிட்டுத் திரியுதீக" என்பாள். பதில் கிடையாது, ஏனென்றால் குழாயடியில் எல்லோரும் வாளப்பளம்தான்.

ஜானகி கட்சிக்கு எங்கள் தாத்தா தலைவர். அவருக்குச் சினிமாவே பிடிக்காது. ஆனால் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் என்றால் உயிர். கோவில்பட்டியில் குடியிருந்தவர், நம் சீமைக்காரர், 1964லேயே போய்விட்டார். 1962ல் 'கொஞ்சும் சலங்கை'யில் அந்த நாகஸ்வரத்தோடு போட்டி போட்டு ஆபேரியில் பாடிய பெண் என்பதால் ஜானகிக்கு எங்கள் வீட்டில் தனி நாற்காலி. "நாயனத்துக்குப் பக்கத்துல ஒரு குரல் நிக்கணும்னா சும்மா இல்லட்டி" என்று தாத்தா சொல்லும்போது, பாட்டு முடியும்வரை வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றிருக்கும்.

எங்கள் வயசுக்கு ஜானகி வந்தது '16 வயதினிலே'யில். 1977. அந்தப் படத்துப் பாட்டுக்குத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பிறகு அவர் செய்யாத குரல் கிடையாது. 'மௌன கீதங்க'ளில் சின்னப் பிள்ளையாக மழலை பேசிப் பாடினார். மறுநாளே வேறு படத்தில் மயக்குகிற குரலில் வந்து நிற்பார், ரேடியோவின் சத்தத்தை அம்மா குறைக்கச் சொல்வாள். பாடும்போது கையில் ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் நின்று பாடுவாராம். பின்னாளில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தனை சிரிப்பும் அழுகையும் சிணுங்கலும் எங்கே இருந்து வந்தன? முகத்தில் இல்லை. தொண்டையில் மட்டும் குடியிருந்திருக்கின்றன.

இவ்வளவு சொல்லியும் நான் ஜானகி கட்சி இல்லை.

நான் ஜென்சி கட்சி. குழாயடியிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, சிறுபான்மைக் கட்சி. ஜென்சி கேரளத்துப் பெண். 1978லிருந்து நாலைந்து வருஷம் தமிழில் பாடினார். 'முள்ளும் மலரும்', 'புதிய வார்ப்புகள்', 'நிறம் மாறாத பூக்கள்', 'உல்லாசப் பறவைகள்', 'ஜானி', 'அலைகள் ஓய்வதில்லை'. பெரும்பாலும் இளையராஜாவின் இசையில். மொத்தப் பாட்டையும் கூட்டினாலும் ஜானகி ஒரு வருஷத்தில் பாடியதற்குக் காணாது. குரலில் கனம் கிடையாது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மெல்லிசாக ஒரு நடுக்கம் தட்டும். பள்ளி ஆண்டு விழாவில் முதல்முறை மைக் முன்னால் நிறுத்தப்பட்ட பெண் பாடுகிற மாதிரி இருக்கும். என் தோழிகள் குறையாகச் சொன்னது அதைத்தான். எனக்குப் பிடித்ததும் அதேதான். சுசீலாவைக் கேட்டால் கும்பிடத் தோன்றும், ஜானகியைக் கேட்டால் வாய்பிளக்கத் தோன்றும். ஜென்சியைக் கேட்டால் மட்டும்தான் நாமும் பாடலாம் போலிருக்கும். மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுகிற சாக்கில் பாடியும் இருக்கிறேன். கீழே இருந்து யாராவது "ஏட்டி, காக்கா வெரட்டுதியா?" என்று கேட்பார்கள்.

கட்சிப் பூசல் உச்சத்துக்குப் போனது 1980ல், 'ஜானி' வந்தபோது. மகேந்திரன் படம், இளையராஜா இசை. ரஜினிக்கு இரட்டை வேடம் என்பதற்காகப் பையன்கள் போனார்கள். நாங்கள் போனது ஸ்ரீதேவிக்காக, ஏனென்றால் அவர் அதில் பாடகி. அர்ச்சனா என்று பெயர். கச்சேரி செய்து சம்பாதித்து, தனி வீட்டில், தன் பியானோவோடு தானே வாழ்கிற பெண். தமிழ் சினிமாவில் அப்படி ஒருத்தியை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. பரத்தையாக அல்லாமல், பணக்காரன் மகளாக அல்லாமல், தன் பாட்டாலேயே நிற்கிற ஒருத்தி. காதலைச் சொல்வதும் அவள்தான், அவன் தயங்கும்போது கோபித்துக்கொள்வதும் அவள்தான். இதற்காகவே மகேந்திரனுக்கு எங்கள் குழாயடி ஒரு விழா எடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தப் பாடகியின் குரல் யார்? ஒருவர் அல்ல, மூன்று பேர். ஒரு பாட்டு ஜென்சி, ஒரு பாட்டு சுஜாதா, கடைசியில் கொட்டும் மழையில் ஆளில்லா அரங்கில் நின்று பாடுவது ஜானகி. அதே படத்தில் இன்னொரு பாட்டு எஸ்.பி.சைலஜா. அது வேறு பெண்ணுக்கு. ஒரே கதாநாயகிக்கு மூன்று குரல் என்பது நியாயமா என்று வரிசையில் பெரிய விவாதம். கச்சேரி மேடையில் உள்ளவளுக்கு ஒரே குரல்தானே இருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி, அவள் சயின்ஸ் குரூப். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. இப்போது கேட்டால் அது சரியென்றே படுகிறது. ஆசை லேசாகத் தொடங்குகிற இடத்தில் ஜென்சி. அது பேச்சாகி நிலைக்கிற இடத்தில் சுஜாதா. எல்லாம் கையைவிட்டுப் போய், வருவானா மாட்டானா என்று உலகத்தையே கூப்பிட வேண்டிய இடத்தில் ஜானகியைத் தவிர யாரைக் கூப்பிட முடியும்? அந்த மழைப் பாட்டை ஜென்சி பாடியிருந்தால் கரைந்தே போயிருப்பார். இதைச் சொல்வதால் கட்சியிலிருந்து என்னை நீக்கினாலும் பரவாயில்லை.

சுஜாதா அப்போது எங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். 'காயத்ரி'யில் தமிழுக்கு வந்தபோது பதினாலு வயது. எங்கள் வயதுப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு மெட்ராஸ் ஸ்டூடியோவில் போய் ஸ்ரீதேவிக்குப் பாடுகிறாள் என்பதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை. பிறகு தமிழில் அவர் குரல் வெகுநாள் அதிகம் கேட்கவில்லை. 1992ல் 'ரோஜா'வில் திரும்பி வந்தபோது எனக்குக் கையில் ஒரு குழந்தை.

சித்தப்பா கப்பல்காரர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் கடலில் இருப்பார். அவர் ஒரு தடவை நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்ததும் வாழ்க்கை வேறு மாதிரி ஆனது. டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பு பல்பு, வாசலில் எப்போதும் நாலு பையன்கள். பெண்பிள்ளைகள் அங்கே போய் நிற்கிற வழக்கமில்லை. ஆகவே லிஸ்ட் எழுதி, அறுபது நிமிஷக் கேசட்டோடு அண்ணன் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். லிஸ்ட் எழுதுவதற்கு எனக்கும் அக்காவுக்கும் ஒரு வாரம் பிடிக்கும். ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டுக்கு மேல் கொள்ளாது. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை வெட்ட வேண்டும், வெட்டுவது யார் கட்சிப் பாட்டு என்பதில் அடிதடி.

நான் எழுதிய முதல் லிஸ்டில் முழுக்கப் பெண்குரல் தனிப்பாட்டு. கடைக்கார அண்ணாச்சி அண்ணனிடம், "என்ன தம்பி, வீட்ல ஆம்பளையே கெடையாதா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு, நான் எழுதிய வரிசையிலேயே பதிந்தும் கொடுத்தார். உறைக்குள் இருக்கும் அட்டையில் படத்தின் பெயர் நீல மையில், பாடகியின் பெயர் சிவப்பு மையில், முத்து முத்தாக. இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் நாடா மிஞ்சியிருக்கிறது. அதை வெறுமையாக விடுவது அவர் தொழில் தர்மத்துக்கு ஒவ்வாது போலிருக்கிறது. தன் சொந்த விருப்பத்தில் 'பணமா பாசமா'வின் இலந்தைப் பழப் பாட்டைப் போட்டுவிட்டார். எல்.ஆர்.ஈஸ்வரி! ஜென்சி முடிந்து நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது அது திடீரென்று குதித்து வந்தது. அம்மா "என்ன கருமம் இது" என்றாள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். அத்தை இளவயதில் கணவனை இழந்தவள், வெள்ளைச் சேலைக்காரி. அவள் தோள் தாளத்துக்கு அசைந்ததை நான் பார்த்தேன். நாடா பாதியிலேயே தீர்ந்து, இரண்டாவது சரணத்துக்கு நடுவில் டக்கென்று நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாட்டு எனக்கு அந்த இடத்தில்தான் முடியும்.

அதற்குப் பிறகு எல்.ஆர்.ஈஸ்வரியை நான் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினேன். அவரைக் கிளப் டான்ஸுக்கும் தோழிப் பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டது சினிமா. மெல்லிசாகப் பாட அவருக்கு வராது என்று ஊர் நம்பிவிட்டது. வரும், கொடுத்தால்தானே. சினிமா கொடுக்காததை அம்மன் கொடுத்தாள். ஆடி மாசம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரின் எந்தத் தெருவுக்குப் போனாலும் குழாய் ஒலிபெருக்கியில் ஈஸ்வரிதான், கூழ் காய்ச்சும் அண்டாவுக்குப் பக்கத்தில். அதே நாட்களில்தான் பனிமய மாதா கோயிலிலும் திருவிழா, ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரைக்கும். பீச் ரோடு முழுக்கக் கடை, கூட்டம், மெழுகுதிரி. என் வகுப்பில் இருந்த பரதவர் தெருத் தோழி ஒருநாள் காதோடு சொன்னாள்: "ஒங்க அம்மன் பாட்டுக்காரி எங்க ஆளுட்டி. லூர்து மேரி ராஜேஸ்வரியாக்கும்." நான் நம்பவில்லை. அவள் சொன்னது சரிதான். இரண்டு திருவிழாவுக்கும் நாங்கள் இரண்டு பேருமே போனோம், மக்ரூன் வாங்க அங்கே, கூழ் குடிக்க இங்கே.

இன்னும் சில பேர் வேகமாக வந்து போனார்கள். 'அலைகள் ஓய்வதில்லை'யில் சசிரேகா. 'நிழல்கள்', 'பன்னீர் புஷ்பங்கள்' இரண்டிலும் உமா ரமணன். அந்தக் குரலில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கும், அவசரமே இருக்காது. இவ்வளவு நல்ல குரலுக்கு இவ்வளவு குறைந்த பாட்டா என்று அன்றைக்கே கேட்டோம். 2024 மே முதல் தேதி அவர் இறந்த செய்தி வந்தபோதும் எல்லோரும் அதையே கேட்டார்கள்.

வாணி ஜெயராமைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றேதான். அக்கா வாணி கட்சி, கட்சியில் ஒரே உறுப்பினர். 'தீர்க்க சுமங்கலி'யின் மல்லிகைப் பாட்டு வந்த 1974லிருந்தே. 'முள்ளும் மலரு'மில் ஜென்சிக்கும் வாணிக்கும் ஆளுக்கொரு பாட்டு இருந்தது. என்னுடையவர் ஊஞ்சலாட, அவளுடையவர் சோறும் குழம்பும் பாடினார். நான் கேலி செய்தேன். "ஒருத்தி பாட்டைக் கேட்டதும் பசிக்குதுன்னா அவதாம்ட்டி பாடகி" என்றாள் அக்கா. வாணி வேலூரில் பிறந்தவர். சின்ன வயதில் அவரும் இலங்கை வானொலியில் இந்திப் பாட்டுக் கேட்டுக் கிறங்கியவர்தான் என்று பின்னால் அவருடைய பேட்டிகளில் படித்தேன். ஸ்டேட் பாங்க் வேலை, கல்யாணமாகி பம்பாய், அங்கே இந்துஸ்தானி பயிற்சி, 1971ல் 'குட்டி' படத்தில் முதல் இந்திப் பாட்டு, பாங்க் வேலையை விட்டார். 'அபூர்வ ராகங்க'ளுக்கு ஒன்று, 'சங்கராபரண'த்துக்கு ஒன்று, பிறகு 'சுவாதி கிரண'த்துக்கு ஒன்று என்று மூன்று தேசிய விருது.

பாங்க் பரீட்சை எழுதுவது ஒன்றே பெண்ணுக்குக் கதிமோட்சம் என்று எங்கள் வீட்டில் தினமும் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. ஒருத்தி அந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட வந்தாள் என்பதை அக்கா அன்றைக்கு அறிந்திருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். என் ஜென்சியோ நேர்மாறு. கேரளத்தில் பள்ளி இசை ஆசிரியை வேலையில் இருந்தார். அதோடு இருந்துகொண்டார், சினிமாப் பாட்டு நின்றது. இதைப் படித்தபோது முதலில் வந்தது எரிச்சல். பிறகு வகுப்பறையில் முப்பது பிள்ளைகளுக்கு ச ரி க ம சொல்லிக்கொடுக்கும் அந்தக் குரலை நினைத்துப் பார்த்தேன். நாங்கள் கேசட்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்டதை அந்தப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாததற்குத் திட்டாகவும் வாங்கியிருப்பார்கள். அக்கா பாங்க் பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள், மேனேஜராக ரிட்டயர் ஆனாள். 2023 பிப்ரவரியில் வாணி ஜெயராம் இறந்தபோது, பத்மபூஷண் அறிவித்து சில நாள்தான் ஆகியிருந்தது. அக்கா போனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கையில வாங்கலையேட்டி." பத்து வருஷத்துக்கு முன்னால் ஜானகி அதே பத்மபூஷணை, காலம் கடந்து வருகிறது என்று வேண்டாமென்று சொன்னவர். அம்மா இருந்திருந்தால், அங்கேயும் தன் சுசீலாதான் முந்தி என்று எதையாவது எடுத்து வைத்திருப்பாள்.

82ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் எங்கள் ஊர் மாடிகளில் ஏணி உயரத்துக்கு ஆன்டெனாக்கள் முளைத்தன. சிங்களமும் இங்கிலீஷும் புரியாவிட்டாலும் உட்கார்ந்து பார்த்தோம். ரேடியோ மேல் தூசி படிந்தது. 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பைத் திருப்பினால் பாட்டு கேட்க மனம் வரவில்லை. பெரியவர்கள் செய்திக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் பேசினால் அதட்டுவார்கள். எனக்கும் அந்த வருஷம் கல்யாணம் பேசிவிட்டார்கள்.

பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பேரன் பேத்தி படம், மூட்டுவலித் தைலம், காலை வணக்கம். போன மாசம் ஒருத்தி 'ஆயிரம் மலர்களே' பாட்டைப் போட்டு, பெண் குரல் ஜென்சியா சைலஜாவா என்று கேட்டாள். இரண்டு பேருமே அதில் உண்டு, கூட மலேசியா வாசுதேவனும் உண்டு. ஆனால் எந்த வரி யாருடையது என்பதில் ராத்திரி பதினோரு மணிவரை சண்டை. அந்த சயின்ஸ் குரூப்காரி ஹெட்போன் மாட்டிக் கேட்டு நிமிஷம், வினாடி போட்டுப் பட்டியல் அனுப்பினாள். நான் அதில் மூன்று இடத்தை மறுத்திருக்கிறேன். நடுவில் என் கடைசித் தங்கையைக் குழுவில் சேர்த்தது பெரிய தொல்லை. சித்ராவையும் ஸ்வர்ணலதாவையும் கேட்காதவர்கள் பாட்டைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறாள். 'சத்ரியன்' பாட்டை அனுப்பி, இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று சவால் வேறு. ஸ்வர்ணலதாவுக்கு நானும் கும்பிடு போடுவேன். ஆனால் அது எங்கள் குழாயடிக்குப் பிறகு வந்த கதை. வேண்டுமானால் அவளே எழுதிக்கொள்ளட்டும்.